பேரில்லாத பொம்மைக் கடை

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காந்துக்குங்க சார். எனக்குக் காத்து வேணாம். வெளிய இருந்து பாக்குறவன் கண்ணுல என் மூஞ்சி படாம இருந்தாப் போதும். உங்க பையை மடியில தூக்கி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, கொஞ்சம் மறைவா இருக்கும்.

தப்பா எடுத்துக்காதீங்க. நான் திருடன் இல்ல, வாத்தியார். தில்லைநாயகம்னு பேரு. ஏரிக்குறிச்சியில ஒரு நர்சரி பிரைமரி ஸ்கூல்ல தமிழ் சொல்லிக் குடுக்குறேன். அங்கதான் இறங்கணும். இறங்கணும்னு நினைச்சாலே திரும்பி ஓடிரலாமான்னு இருக்கு.

நீங்க எந்த ஊரு? நாமக்கல்லா. ஏரிக்குறிச்சியில சொந்தபந்தம்? இல்ல. ஓட்டு? அதுவும் இல்ல. அப்பாடா. அப்ப உங்ககிட்ட வாயத் திறக்கலாம். திருச்சியில அக்கா வீட்டுல பதுங்கிக் கிடந்தேன் சார். அக்காகிட்டகூட காய்ச்சல்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அவ பாவம், கஞ்சி வச்சுக் குடுத்தே ஓஞ்சு போயிட்டா.

ஒரு நிமிஷம். முன் சீட்டுல மஞ்சத் துண்டு போட்டு உட்காந்திருக்காரே, அவரு எங்க ஏறினாருன்னு பாத்தீங்களா? திருச்சியிலயே ஏறிட்டாரா. சரி. தூங்குறாரு போல. தூங்கட்டும்.

எங்க ஊர்ல பஞ்சாயத்துத் தலைவர் எலெக்‌ஷன் சார். நாளன்னிக்கு ஓட்டு. இந்தத் தடவை பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. எங்க ஸ்கூலை நடத்துறது அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் அருணகிரி, தாளாளர். தம்பி வைத்தியலிங்கம், பொருளாளர். அண்ணன் சம்சாரம் கோமளவல்லியம்மா தலைவருக்கு நிக்குது. நிக்கட்டும். நின்னு ஜெயிச்சு ஊருக்குத் தண்ணி விடட்டும். ஆனா தம்பி சம்சாரம் இந்திராணியம்மாவும் நிக்குதே! ஒரே வீட்டுக் கூடத்துல குறுக்க சுவர் எழுப்பிட்டாங்க சார். டிவி ஒரு பக்கம், ரிமோட்டு ஒரு பக்கம்னு ஊரே சொல்லிச் சிரிக்குது. என் வேலை ரெண்டு பேரு கையிலயும் இருக்கு. நான் யாரைப் பாத்துச் சிரிக்கிறது, யாரைப் பாத்து வாய மூடிக்கிறது, சொல்லுங்க.

பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல கட்சி கிடையாது, சின்னம் மட்டும்தான். உங்களுக்குத் தெரியாததா. தம்பி வீட்டம்மாவுக்கு விழுந்த சின்னம் மூணு சக்கர வண்டி. அண்ணன் வீட்டம்மாவுக்கு விழுந்தது பூட்டும், பூட்டுக்கு ஜோடியா வருமே, அதுவும். பேர் சொல்ல மாட்டேன் சார். வீட்டப் பூட்டிட்டு இடுப்புல செருகிக்குவாங்களே, அது. புரிஞ்சுதுன்னா தலைய ஆட்டுங்க, போதும். வாயால சொல்லிராதீங்க.

சிரிக்கிறீங்க. பெயிண்டர் கோவிந்தசாமிக்கு முன்னால போயி இப்படிச் சிரிச்சுப் பாருங்க. அவன் சுவத்துல மூணு சக்கர வண்டி வரைஞ்சான். பக்கவாட்டுல வரைஞ்சா எத்தனை சக்கரம் தெரியும்? ரெண்டுதானே தெரியும்? “மூணாவது சக்கரத்த எவன்கிட்ட வித்த? எத்தனை வாங்கின அந்தப் பக்கம்?”னு கேட்டுக் கேட்டு அடிச்சானுவ. வலது கை மாவுக்கட்டுல தொங்குது. சித்திரம் தெரியாதவன்கிட்ட சித்திரக்காரன் என்னத்த விளக்கிச் சொல்ல முடியும்? நான் நேர்ல பாத்தேன் சார். கண்ணால பாத்தவனுக்குத்தான் பயம்னா என்னன்னு தெரியும்.

இந்த நேரம் பாத்துத்தான் ஸ்கூல் ஆண்டு விழா. தள்ளி வைங்கன்னு தலைகீழா நின்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெசிந்தா மிஸ்ஸு, “தாளாளரும் நடத்தணுங்கிறாரு, பொருளாளரும் நடத்தணுங்கிறாரு, அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற விஷயம் இது ஒண்ணுதான்”னுட்டாங்க. அப்பா அம்மா எல்லாரும் ஒரே இடத்துல கூடுவாங்கள்ல. ரெண்டு பேருக்கும் அதுதானே வேணும்.

சின்னப் பிள்ளைங்க நாடகம் என் பொறுப்பு. நான் எழுதினது. “பொம்மைக் கடை”ன்னு பேரு. பெருமைக்குச் சொல்லல சார், நல்லா வந்திருந்துச்சு. ராத்திரி கடையப் பூட்டிட்டு முதலாளி போயிருவாரு. அப்புறம் பொம்மைங்க எல்லாம் பேச ஆரம்பிக்கும். ஒவ்வொரு பொம்மைக்கும் அது அது வார்த்தை. பம்பரம் சுத்திக்கிட்டே பேசும், தலை கிறுகிறுக்குதுங்கும். பட்டம் மேல இருந்து எட்டிப் பாத்துப் பேசும். கிலுகிலுப்பைக்கு முழு வாக்கியமே வராது, கிலு கிலுன்னு பாதிப் பாதியாத்தான் வரும். எங்க பிள்ளைங்களுக்கு ‘டாய்’னு ஒரு வார்த்தைதான் தெரியும் சார். எல்லாமே டாய். நான்தான் ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிக் குடுத்தேன். பல்லாங்குழின்னா என்ன, ஊதல்னா என்ன, நடைவண்டின்னா என்ன, எல்லாம். அந்தப் பேருங்களைச் சொல்லும்போது பிள்ளைங்க வாயி முட்டாய் சாப்பிடுற மாதிரி இருக்கும்.

கடைசியில கதவத் தொறந்து எல்லாரையும் வெளிய விடுறது நடனப் பொம்மை. அதுக்கு முதுகுல ஒண்ணு இருக்கும்ல, திருகினா ஆடுமே... ஆமா. அந்தச் சின்னம்தான். எழுதும்போது எனக்கு என்ன தெரியும்? அப்ப எலெக்‌ஷனே அறிவிக்கல.

அந்தப் பொம்மைக்கு சுபிக்ஷான்னு ஒரு பிள்ளை. ரெண்டாம் வகுப்பு. அம்மா செல்வராணி, வீட்டுல தையல் போடுறா. அப்பா இல்ல. இந்தப் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்ல சார். அசையாம நில்லுன்னா நிக்கும். நான் என்ன சொல்லி வச்சேன்னா, “பாப்பா, சுவர்க் கடிகாரம் மைக்ல பேசும். அது என் குரல். அது குடுத்தாச்சு, ஆடு பாப்பா ஆடுன்னு நான் சொல்லுவேன். அது வரைக்கும் நீ மரம். ஈ மூக்குல உட்காந்தாலும் மரம், உங்கம்மா வந்து கூப்பிட்டாலும் மரம்.” அதுன்னா அது இல்ல, பேரோடதான் சொன்னேன், அப்ப தைரியமாச் சொன்னேன். சொன்னதும் வலது கை முதல்ல எழும்பணும், அப்புறம் கழுத்து திரும்பணும், அப்புறம் கால். ஒத்திகையில மத்தப் பசங்க கிச்சுகிச்சு மூட்டிப் பாத்தானுவ. காதுல ஊதிப் பாத்தானுவ. ம்ஹூம். நான் சொன்ன பிறகுதான் கை எழும்பும். முகத்துல அப்ப ஒரு சிரிப்பு வரும் பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிரும்.

வினை எப்படி வந்துச்சுன்னா, ஒத்திகைக்கு ஒரு நாள் தம்பி வைத்தியலிங்கம் வந்து நின்னாரு. பாத்தாரு, சிரிச்சாரு. அவரு சத்தம் போட மாட்டாரு சார், சிரிக்கத்தான் செய்வாரு. “வாத்தியாரே, அண்ணன் சின்னத்தப் புள்ளைங்க வாயில போட்டு ஊட்டுறீங்க போல”ன்னாரு. “பொம்மைங்க ஐயா, பொம்மை”ன்னேன். “நானும் பொம்மையத்தான் சொல்றேன்”னுட்டு என் தோளுல தட்டிட்டுப் போனாரு. பெயிண்டர் தோளுலயும் அப்படித்தான் தட்டினாராம்.

சரின்னு ஈடு கட்ட ஒரு மூணு சக்கர வண்டி பொம்மையையும் சேத்தேன். அது உருண்டு வந்து கவுந்து விழும், பிள்ளைங்க சிரிப்பாங்க. வந்தது பாருங்க அண்ணன்கிட்ட இருந்து பாராட்டு! “பலே வாத்தியாரே, கவுத்துட்டீங்களே”ன்னு. அது தம்பி காதுக்குப் போறதுக்குள்ள வண்டியத் தூக்கிட்டேன். தூக்கினதும் தம்பி ஆளுங்க, “எங்க சின்னத்த மட்டும் தூக்கிட்டாரு”ன்னாங்க. இந்தப் பக்கம் தொட்டா அந்தப் பக்கம் சுடுது சார்.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. வார்டு மெம்பருக்கு நிக்கிறவங்க எத்தனை பேரு? அவங்களுக்கு எத்தனை சின்னம்? விசாரிச்சா ஒவ்வொண்ணும் என் கடையில இருக்கு! பட்டம் போச்சு. மட்டை போச்சு. ஊதல் போச்சு. பாப்பா பொம்மைக்குப் போட்ட கட்டில் போச்சு, அது தலை சீவுற சீப்பு போச்சு. பம்பரம் எப்பவோ ஒரு கட்சிச் சின்னம், அத நானே முதல்ல தூக்கிட்டேன். மூக்குக் கண்ணாடியும் ஒருத்தரு சின்னம் சார். கடை முதலாளியா நடிச்ச பையன் நிஜமாவே கண்ணாடி போடுற பையன். கழட்டிட்டு நடிடான்னேன். நேராப் போயி திரையில முட்டிக்கிட்டான்.

கடைசியில என்ன மிஞ்சுச்சு? “நான் ஒரு பொம்மை.” அடுத்த பிள்ளை, “நானும் ஒரு பொம்மை.” அதுக்கு அடுத்தது, “நான் இன்னொரு பொம்மை.” வரிசையா நின்னு இதையே சொன்னாங்க. பட்டமா இருந்த பையன், “சார், நான் பறக்கலாமா?”ன்னு கேட்டான். வேணாம்டா, நில்லுன்னேன். “அப்ப நான் யாரு சார்?”ன்னான். எனக்கு எரிச்சல் வந்துச்சு. உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன், இவனுக்கு இவன் யாருன்னு தெரியணுமாம். அதட்டினேன். சும்மாதான் அதட்டினேன்.

நடனப் பொம்மைய மட்டும் தூக்க முடியல சார். அது இல்லாட்டி கதவு யாரு தொறக்கிறது? பிள்ளைய விட்டுட்டு வார்த்தைய எடுத்தேன். விழாவுக்கு முந்தின நாள் கூப்பிட்டு, “பாப்பா, நாளைக்கு அந்த வசனம் கிடையாது. சார் கை தட்டுவேன். தட்டினதும் ஆடு”ன்னேன். அவ என்னைப் பாத்தா. “பொம்மைக்குக் காது கேக்காதே சார். அது குடுத்தாத்தானே ஆடும்?”னா. அவ அதுன்னு சொல்லல, பேரச் சொன்னா, கணீர்னு, ஜன்னல் தொறந்து கிடக்கும்போது. நான் ஓடிப் போயி ஜன்னலச் சாத்தினேன்.

முதுகுல அட்டையில ஒண்ணு தச்சு விட்டிருந்தா அவங்கம்மா. தங்கப் பேப்பர் ஒட்டி, திருகுற மாதிரியே, அவ்வளவு அழகு. அதையும் கத்திரி வச்சு வெட்டி எடுத்துட்டேன். முதுகுல தையல் நூலு மட்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு. பிள்ளை அழல. பொம்மை அழக் கூடாதுன்னு நான் முன்னாலயே சொல்லி வச்சிருந்தேன்.

கண்டக்டர் தம்பி, முசிறி தாண்டிட்டமா? ஏரிக்குறிச்சி வந்தா மெதுவாச் சொல்லுங்க. கத்திக் கூவ வேணாம்.

விழா அன்னிக்குச் சாயங்காலம் கூட்டம்னா கூட்டம். முன் வரிசையில இந்தக் கோடியில அண்ணன் குடும்பம், அந்தக் கோடியில தம்பி குடும்பம். நடுவுல காலி நாற்காலி. ரெண்டு பக்கமும் பயலுவ செல்போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. எவன் வாயில எந்த வார்த்தை வருதுன்னு பிடிக்கிறதுக்கு. நான் மேடை ஓரத்துல மைக்கோட நிக்கிறேன். சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

“நான் ஒரு பொம்மை”, “நானும் ஒரு பொம்மை” எல்லாம் முடிஞ்சுது. ஜனத்துக்கு ஒண்ணும் புரியல, ஆனா அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க கை தட்டினாங்க. நடுவுல அலமாரி மாதிரி ஒரு செட்டு, அதுல சுபிக்ஷா. ஜிகினாத் துணி கவுனு. அசையாம நிக்கிறா.

அப்பத்தான் சீரியல் லைட்டு வயர்ல இருந்து பட்டுன்னு ஒரு பொறி. அலமாரிக்குப் பின்னால கலர் பேப்பர், தெர்மாகோல். பிடிச்சுக்கிச்சு சார்.

பெரிய தீ இல்ல. பேப்பர்ல எல்லாரும் பெருசா எழுதிட்டாங்க. ஆனா புகை வந்துச்சு, திரை எரிஞ்சுச்சு, அது உண்மை. பிள்ளைங்க எல்லாம் அலறிக்கிட்டு குதிச்சு ஓடுதுங்க. கூட்டம் கத்துது, “ஓடு பாப்பா, ஓடியா, ஓடியா!”ன்னு. அவ அசையல.

அசையல சார். அவளுக்குப் பின்னால தீ. அவ கண்ணு மட்டும் என் பக்கம் திரும்புச்சு. உடம்பு மரம்.

நான் கை தட்டினேன் சார். தட்டினேன், தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். சொன்னபடிதானே செஞ்சேன்? ஆனா அது வரைக்கும் ஊரே கை தட்டிக்கிட்டு இருந்துச்சு. எது என் தட்டுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? இல்ல, தெரிஞ்சும் நிக்கிறாளோ, எனக்கு இன்னிக்கும் புரியல. ஜெசிந்தா மிஸ்ஸு கீழ இருந்து, “சார், அந்த வார்த்தையச் சொல்லுங்க, வார்த்தையச் சொல்லுங்க”ன்னு கதறுறாங்க. அவங்க எத்தனை ஒத்திகை பாத்திருக்காங்க! மைக்கு என் கையில இருக்கு. வாயத் தொறந்தேன். “பாப்பா”ன்னேன். “வா”ன்னேன். “ஆடு”ன்னுகூடச் சொன்னேன். முன் வரிசையப் பாத்தேன். தம்பி வைத்தியலிங்கம் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. தீயப் பாக்கல சார், என் வாயப் பாக்குறாரு. அந்த ஒரு வார்த்தை மட்டும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

மைக்செட்டுக்காரரு குறுக்க பாஞ்சு அவள அலாக்காத் தூக்கிட்டுக் குதிச்சிட்டாரு. தூக்கும்போதும் அவ கை கால் மடங்கல. நட்டமாத் தூக்கிக்கிட்டு ஓடினாரு. இடது கையில கொப்புளம். பின்னலு நுனி கருகிருச்சு. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல. தெய்வாதீனம்.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் கை தட்டினேன்னு சொன்னேன்ல? அத்தனை பேரும் சாட்சி.

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு பேருமே என்னைத்தான் பிடிச்சாங்க. அண்ணன் சொல்றாரு, “நம்ம சின்னம் வர்ற இடத்த வெட்டினீங்கள்ல, தெய்வம் காட்டிருச்சு பாத்தீங்களா.” தம்பி சொல்றாரு, சிரிச்சுக்கிட்டே, “அண்ணன் பொம்மை எரிஞ்சிருச்சு வாத்தியாரே, நல்ல சகுனம்.” பிள்ளை எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல சார். நானும் கேக்கல, உண்மைதான், எனக்கு அங்க நிக்கவே பயம். என் வீட்டு வாசல்ல ஏதோ ஒரு பைக்கு நின்னுச்சு. யாரு பைக்குன்னுகூடப் பாக்கல. பின்பக்கமா வந்து பஸ் பிடிச்சுட்டேன்.

போன் அடிக்குது பாருங்க. அவதான், செல்வராணி. எடுக்க மாட்டேன். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன்னு காலையிலயே சொல்லிட்டேன். அடிக்கட்டும்.

என்னத்துக்குக் கூப்பிடுறான்னு கேக்குறீங்களா. அதச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை இன்னும் அசையல சார்.

ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க. கை ஆறிக்கிட்டு வருதாம். உடம்புல ஒண்ணும் இல்லங்கிறாங்க, அதிர்ச்சி, கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு அனுப்பிட்டாங்க. ஆனா பேச மாட்டேங்குது. கையப் பிடிச்சு இழுத்தா நடக்குது, விட்டா விட்ட இடத்துலயே நிக்குது. சோறு ஊட்டினா முழுங்குது, தானா எடுத்து வாயில வைக்காது. விடிஞ்சு எழுந்து பாத்தா, படுக்க வச்ச மாதிரியே கிடக்குதாம், கண்ணத் தொறந்துக்கிட்டு. அவங்கம்மா போன்ல அழல சார். அழுதிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும். “சார், நானும் அந்த வார்த்தையச் சொல்லிப் பாத்துட்டேன். டீச்சரும் வந்து சொல்லிப் பாத்துட்டாங்க. அவளுக்கு உங்க குரல்தான் வேணும் போல. வந்து ஒரு தடவ சொல்லிட்டுப் போயிருங்க”ன்னா. போன்லயே சொல்லிர்றேம்மான்னேன். காதுல வச்சா. நான் இந்தப் பக்கம் அக்கா வீட்டு சமையக்கட்டுல நின்னுக்கிட்டு... அக்கா பக்கத்துல அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கு எங்க ஊரு ஆளுங்களைத் தெரியும் சார். எப்படிச் சொல்றது? வச்சுட்டேன்.

செல்வராணி வீடு இருக்கிறது தம்பி தெருவுல. தெரு முழுக்க மூணு சக்கரம். அங்க போயி நின்னு, அண்ணன் சின்னத்தச் சத்தமாச் சொல்லணும். ஒரு தடவ சொன்னாலும் சொன்னதுதானே? வாத்தியாரு வீடு வீடாப் போயி ஓட்டுக் கேட்டாருன்னு ஆகிராதா? அத அவகிட்ட சொன்னேன். அதுக்கு அவ, “அப்ப நீங்க தெருவுக்கு வர வேணாம். புள்ளைய நான் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டியாந்துர்றேன்”னுட்டா. பஸ் ஸ்டாப்புல மட்டும் ஊரு இல்லாமப் போயிருமா?

அதனாலதான் சார், உங்களைக் கேக்கலாம்னு. நீங்க நாமக்கல்லு. உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. உங்களை யாரு என்ன பண்ணப் போறாங்க? பஸ்ஸு நிக்கிற நேரத்துல நீங்க ஜன்னல் வழியா அத மட்டும் சொல்லிட்டா...

ஐயோ! மெதுவா சார்! என்னங்க இப்படிப் பட்டுன்னு போட்டு உடைக்கிறீங்க!

யாராவது திரும்பினாங்களா? மஞ்சத் துண்டு?

தூங்குறாரு. ஒருத்தரும் திரும்பல. ஆமா. நீங்க சொல்றீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க சொன்னா அது ஒரு சாமான். நான் சொன்னா வேற சார், அத நீங்க புரிஞ்சுக்கணும்.

என்ன? என் குரலுக்குத்தானே அவ நிக்கிறான்னு கேக்குறீங்க. தெரியுது. தெரியாமலா கேட்டேன். ஒரு நப்பாசைதான்.

நான் சொல்லிக் குடுத்தது சார் அது. உங்கம்மா கூப்பிட்டாலும் அசையாதேன்னு நான்தான் சொன்னேன். சொன்ன பேச்சக் கேக்குற பிள்ளை. நான் ஒண்ணும் கெட்டது சொல்லிக் குடுக்கலையே. அப்படித்தானே?

ஏரிக்கரை வந்துருச்சு. இதத் தாண்டினா ஸ்டாப்பு. கண்டக்டர் தம்பி, இப்பவே விசில் குடுக்காதீங்க, இன்னும் இருக்கு. இல்ல, இறங்குறவன் நான்தான். கொஞ்சம் பொறுங்க. சார், நான் இப்படியே உங்ககூட நாமக்கல் போயி சாயங்காலம் திரும்பி வந்தா என்ன? சாயங்காலம் கூட்டம் கம்மியா இருக்கும்ல?

அதோ.

நிழற்குடைக்கு முன்னால நிக்கிறாங்க பாருங்க. சேப்புப் புடவை, அதான் செல்வராணி. பக்கத்துல பிள்ளை, பக்கவாட்டாத் திரும்பி நிக்குது. அதே ஜிகினா கவுனு. விளிம்பெல்லாம் கருகின அதே கவுனு. அத எதுக்குப் போட்டு விட்டா? முதுகப் பாருங்க சார், முதுகுல... அந்த அட்டைய வெட்டி எடுத்தேன்ல, குப்பையில போட்டேன். புதுசாச் செஞ்சு தச்சு விட்டிருக்கா. தங்கப் பேப்பர் வெயில்ல மின்னுது. பக்கத்துலயே மூணு சக்கர வண்டி ஒண்ணு, மைக்கு கட்டி, கொடி கட்டி நிக்குது. அந்தப் பயலுவ எல்லாம் அவள முறைச்சுக்கிட்டு நிக்கிறானுவ. அவ அவனுவளப் பாக்கவே இல்ல. பஸ்ஸத்தான் பாக்குறா. பைத்தியக்காரி. நாளைக்கு அந்தத் தெருவுல அவ எப்படிக் குடியிருப்பா?

பிள்ளை எங்கயுமே பாக்கல சார். கண்ணு அப்படியே நிக்குது. ஒரு ஈ கன்னத்துல உட்காந்திருக்கு, தெரியுதா உங்களுக்கு? ஓட்ட மாட்டேங்குறா.

ஓட்டு பாப்பா. ஈய ஓட்டு.

கொஞ்சம் நகருங்க சார். ஜன்னலுக்கு நான் வரணும். பையை எடுங்க. உங்க கால மிதிச்சுட்டேனா, மன்னிச்சுக்குங்க.

பாப்பா. சா...

கேக்கல சார் அவளுக்கு. மைக்கு அலறுது. எனக்கே கேக்கல. வண்டி மேல உட்காந்திருக்கவன் என்னைப் பாத்துட்டான். பக்கத்துல இருக்கவன்கிட்ட என்னமோ சொல்றான். டிரைவர் சார், எடுக்காதீங்க! ஒரு நிமிஷம் எடுக்காதீங்க!

சாவி! சாவி குடுத்தாச்சு! சுபிக்ஷா, சார் வந்துட்டேன், சாவி குடுத்தாச்சும்மா! ஆடு பாப்பா, ஆடு!

மைக்க நிறுத்திட்டானுவ. எல்லாரும் இந்த பஸ்ஸத்தான் பாக்குறாங்க. மஞ்சத் துண்டுகூட எழுந்திரிச்சுட்டாரு.

அசையலையே சார். ஏன் அசையல? நான்தானே சொல்றேன். என் குரல்தானே. இன்னும் சத்தமாச் சொல்லணுமோ? சாவி பாப்பா! கேக்குதா? சாவி!

கை. வலது கை. எழும்புது சார், எழும்புது. இருங்க, அடுத்து கழுத்து... ஆமா, கழுத்து திரும்புது. என் பக்கம்தான் பாக்குறா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் செய்யிறா, ஒண்ணுகூட மாத்தல. கால் வருது. ஒரு கால், இன்னொரு கால்.

நின்னுட்டா. அவங்கம்மா புடவையப் பிடிச்சுக்கிட்டா. அழுவுறா சார். வாய் விட்டு அழுவுறா. அழக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். அழட்டும், அழட்டும்.

வண்டியில இருந்து ரெண்டு பேரு இறங்கி வர்றானுவ, பாத்தீங்களா? பஸ்ஸு வாசலுக்குத்தான் வர்றானுவ. என் கால் ரெண்டும் என் பேச்சக் கேக்கல சார். கொஞ்சம் இப்படிப் பிடிச்சுக்குங்க. நான் இறங்கணும், பிள்ளை நிக்குது.